இஞ்சி காங் காவல் வீடு

ஹான்யாங் நகரத்து மதில் மொத்தம் தொண்ணூற்றேழு துண்டு. துண்டுக்கு அறுநூறு அடி. ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைக்க வேண்டுமே என்று கட்டியவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் படிக்கிற ஆயிரம் எழுத்துப் புத்தகத்தை எடுத்து, முதல் எழுத்திலிருந்து வரிசையாக வைத்துக்கொண்டே போய்விட்டார்கள். வடக்கு மலை உச்சியில் 'வானம்' என்று தொடங்கி, ஊரைச் சுற்றி வந்து, அதே மலையில் 'துக்கம்' என்ற எழுத்தில் முடியும். துக்கத் துண்டின் காவல் வீட்டுக்கு யாரும் விரும்பிப் போனதில்லை. அறுபத்து நாலாவது எழுத்து 'இஞ்சி'. தெற்கு வாசலுக்கு மேலே, மோக்மியோக் மலையின் மேற்குச் சரிவில், கடுகுத் துண்டுக்கும் கடல் துண்டுக்கும் நடுவில் இருந்தது அது. அதன் காவல்காரன் ஒக்மன்.

நம் பழந்தமிழில் மதிலுக்கே இஞ்சி என்று ஒரு பெயர் உண்டு. ஒக்மனுக்கு அது தெரிய வழியில்லை. தெரிந்திருந்தால் அவன் கர்வத்தை அந்த மலை தாங்கியிருக்காது.

காவல் வீடு என்றதும் பெரிய கொத்தளத்தை நினைக்க வேண்டாம். மதிலின் உட்புறம் ஒட்டினாற்போல் ஓர் அறை, ஓட்டுக் கூரை, அடுப்புச் சூடு அடியில் ஓடுகிற தரை, ஈட்டி சாத்த ஒரு மூலை, அவ்வளவுதான். மாகாணங்களிலிருந்து சிப்பாய்கள் இரண்டு மாத முறை வைத்து வருவார்கள். முறை முடிந்த அன்று விட்டால் போதும் என்று ஓடுவார்கள். ஒக்மனும் இருபத்து நாலு வயதில் அப்படி வந்தவன்தான். முறை முடிந்த காலையில் கூட வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருக்க, இவன் மட்டும் மதிலில் தொங்கிக்கொண்டு கல் இடுக்கில் முளைத்திருந்த ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தானாம். "நீங்க முன்னாடி போங்கடா, இதைப் பிடுங்கிட்டு வந்துடறேன்" என்றவன், அப்புறம் போகவே இல்லை. நிரந்தரக் காவல்காரனாகப் பெயர் கொடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டான். மலையடிவாரத்தில் முள்ளங்கி போட்டு விற்றுக்கொண்டிருந்த சாம்வோலைக் கல்யாணமும் செய்துகொண்டான்.

எதிரி வந்தானா என்று கேட்காதீர்கள். அவன் காலத்தில் ஒருவனும் வரவில்லை. "மழையும் வேரும்தான் நமக்கு எதிரி. மூணாவதா ஒருத்தன் இருக்கான், பேரைச் சொன்னா சண்டைக்கு வருவான்" என்று அடுத்த காவல் வீட்டில் குறட்டை விடுபவனைப் பார்த்துச் சொல்வான். ஒரு நாளைக்கு இரண்டு முறை அறுநூறு அடியும் நடப்பான். வடிகால் துளைகளில் குச்சியை விட்டுக் குடைவான். விரல் நீளம் முளைத்த செடியைக்கூட விட மாட்டான். கல்லின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பான், காய்ச்சல்காரனின் நெற்றியில் கை வைப்பதைப்போல.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரிசல் கண்டால் அவனுக்கு ஒரு வழி இருந்தது. அரசுத் தேர்வில் தோற்றவர்களின் விடைத்தாள்களைச் சிப்பாய்களுக்குக் கொடுப்பார்கள், குளிர்காலச் சட்டைக்குள் திணித்துக்கொள்ள. ஒக்மன் தன் சட்டையிலிருந்து தாளை உருவி, பட்டையாகக் கிழித்து, சோற்றுப் பசை தடவி விரிசலுக்குக் குறுக்கே ஒட்டுவான். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தாள் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். கிழிந்தால் அன்றே ஆப்பு அடித்து, மண் அடைத்து, மறுபடி ஒட்டுவான். சட்டையில் தாள் குறையக் குறையக் குளிரில் பல் அடித்துக்கொள்ளும்.

"ஊர்ல தோத்தவனெல்லாம் உன் சுவத்துல வந்து ஒட்டிக்கிட்டிருக்கான். கடைசியில நீயும் வெறச்சுப்போய் அங்கேயே ஒட்டிக்கப் போற" என்பாள் சாம்வோல்.

"நான் ஒட்டினா கிழிய மாட்டேன்" என்பான் இவன்.

இப்படிப் பதினெட்டு வருஷம். இஞ்சித் துண்டிலிருந்து ஒரு கல் விழுந்ததில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஒரு மனிதன் தன் பொறுப்பில் விட்ட அறுநூறு அடியைப் பதினெட்டு வருஷம் அசையாமல் வைத்திருப்பது சின்ன விஷயம் இல்லை. நம்மில் பலருக்கு ஒரு கதவின் தாழ்ப்பாளைக்கூட அப்படி வைத்துக்கொள்ளத் தெரியாது.

இந்த ஊரில் எழுத்தைத் தனியாக உச்சரிக்கிற வழக்கம் இல்லை. அர்த்தத்தையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். 'வானம் சோன், நிலம் ஜி' என்றுதான் குழந்தைகள் பாடும். அதற்குக் காரணம் உண்டு. ஒரே ஓசையில் ஒரு கூட்டம் எழுத்து இருக்கும்; அர்த்தம் சொல்லாவிட்டால் எது எது என்று தெரியாது. இஞ்சி எழுத்தின் ஓசை காங். நாற்பத்தெட்டாவது துண்டின் எழுத்துக்கு மலைமேடு என்று அர்த்தம். அதன் ஓசையும் காங். ஆகவே இது இஞ்சி காங், அது மேட்டு காங். மேட்டு காங் மலையைத் தாண்டி அந்தப் பக்கம், பதினாறு துண்டு தள்ளி இருந்தது. காவல்காரர்கள் யாரும் இதில் தடுமாறியதே இல்லை, யுன் அதிகாரி வருகிற வரைக்கும்.

யுன் தெற்கு மதிலுக்குப் புதுத் தலைவராக வந்தவர். முப்பது வயது, தேர்வில் தேறியவர், அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்கிற கவலை உள்ளவர். வந்த மூன்றாம் நாள் காவல்காரர்களை வரிசையாக நிற்க வைத்து அவரவர் துண்டின் பெயரைச் சொல்லச் சொன்னார்.

"கடுகு கே" என்றான் ஒருவன்.

"இஞ்சி காங்" என்றான் ஒக்மன்.

யுன் சிரித்தார். "என்னய்யா இது, பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கறீங்களா? மூக்கு ஒழுகற பசங்கதான் அர்த்தம் சேத்துச் சொல்லும். காங்னா காங். கேன்னா கே. படிச்சவனுக்கு அது போதும். இன்னிலேருந்து என் காதுல வாய்ப்பாடு விழக் கூடாது."

"ஐயா, காங் ரெண்டு இருக்குதுங்களே" என்றான் ஒக்மன்.

"ரெண்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். உன்கிட்டயா நான் எழுத்துப் படிக்கணும்?"

ஒக்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் துண்டின் ஒரே ஓர் எழுத்து மட்டும் தெரியும்.

அந்த வருஷம் ஆறாம் மாத மழை விடாமல் பதினோரு நாள் அடித்தது. மேட்டு காங் காவல்காரன் தொக்பே நிழலுக்கு ஆகும், பழமும் தின்னலாம் என்று மதிலோரம் ஒரு முசுக்கொட்டை மரத்தை வளர விட்டிருந்தான். அதன் வேர் கல்லுக்குள் புகுந்து பிளந்து வைத்திருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை முப்பது அடி மதில் மரத்தோடு சேர்ந்து வெளிப்பக்கம் சரிந்தது. தொக்பே மழையில் ஓடி வந்து யுன் முன்னால் மண்டியிட்டான்.

"ஐயா, மேட்டு..." என்று ஆரம்பித்தான்.

"வாய்ப்பாடா?" என்றார் யுன்.

"காங்... காங் துண்டு சரிஞ்சுபோச்சுங்க ஐயா. முப்பது அடி."

யுன் எழுத்தரைப் பார்த்துத் திரும்பி, "காங் துண்டு, முப்பது அடி, எழுதும்" என்றார். எழுத்தருக்கு மூன்று நாளாகச் சளி. கையில் இஞ்சிக் கஷாயக் கிண்ணம். காங் என்றதும் அந்தக் கைக்கு என்ன எழுத்து வரும்? அதுதான் வந்தது. யுன் முத்திரை குத்தினார். கடிதம் மேலிடத்துக்குப் போய், அங்கிருந்து ஆணையாகித் தெற்கு மாகாணத்துக்குக் குதிரையில் பறந்தது.

ஏன் தெற்கு மாகாணத்துக்கு என்றால், இந்த மதிலில் அப்படி ஒரு சட்டம். ஒரு துண்டை எந்த வட்டத்து ஜனங்கள் கட்டினார்களோ, அந்த வட்டத்தின் பெயரையும் மேஸ்திரியின் பெயரையும் கல்லில் வெட்டி வைப்பார்கள். துண்டு விழுந்தால் அதே வட்டத்துக்காரர்கள் வந்து திரும்பக் கட்ட வேண்டும். இத்தனை வருஷத்துக்கு என்று கெடு கிடையாது. கட்டியவன் செத்தால் அவன் மகன் வர வேண்டும். இஞ்சித் துண்டைக் கட்டியவர்கள் தெற்கே பன்னிரண்டு நாள் நடையில் இருக்கிற யுல்சன் வட்டத்து விவசாயிகள். மேட்டுத் துண்டைக் கட்டியது வேறு ஒரு வட்டம்.

ஒக்மனுக்கு விஷயம் எட்டியது தெற்கு வாசல் காவலன் மூலமாக. "என்ன ஒக்மன் அண்ணே, உங்க சுவரு படுத்துருச்சாமே? பதினெட்டு வருஷம் தடவித் தடவிக் கொடுத்தீங்க, தூக்கம் வந்துருச்சு போல" என்று அவன் நக்கலடித்தான்.

"எவன்டா சொன்னது?"

"கடுதாசி சொல்லுது. யுல்சன்ல ஆள் திரட்டறாங்களாம், எரநூறு பேரு."

ஒக்மனுக்குத் தன் சுவர் நிற்கிறது என்று தெரியும், காலையில்தான் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இருந்தாலும் மலையேறி ஓடி இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் யுன்னிடம் போனான். விஷயத்தைச் சொன்னதும் யுன் எழுத்தரின் நகலை எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் விசிறியை மடக்கினார், விரித்தார்.

"வெளியில யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க ஐயா. இன்னொரு கடுதாசி போட்டுட்டா..."

"ராஜா கண்ணுல பட்ட கடுதாசி அது. தப்பா எழுதிட்டேன்னு நான் போய் நிக்கணுமா? போ. வாயைத் திறந்தே, தோலை உரிச்சுடுவேன்."

ஏழாம் மாதக் கடைசியில் யுல்சன்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். இருநூறு பேர், வைக்கோல் செருப்பு தேய்ந்து கால் வெடித்து, முதுகில் கஞ்சிப் பானையும் கடப்பாரையுமாக. அவர்களுக்கு மேஸ்திரி கப்சுல் என்றொருவன். கட்டை குட்டையான ஆள், குரல் மட்டும் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். இஞ்சித் துண்டின் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தான். பிறகு காவல் வீட்டு வாசலில் நின்ற ஒக்மனிடம் வந்தான்.

"ஏம்ப்பா, விழுந்த இடம் எங்க?"

ஒக்மன் பதில் சொல்வதற்குள் யுன் தன் ஆட்களோடு வந்துவிட்டார். குதிரையிலிருந்து இறங்காமலே ஈட்டியால் ஓரிடத்தைக் காட்டினார். "இங்கேருந்து அங்க வரைக்கும். பிரிச்சுக் கட்டணும். பழசாப்போச்சு, எப்பன்னாலும் விழும்."

கப்சுல் சுவரில் கை வைத்துத் தள்ளினான். சிரிப்பும் கோபமுமாக அவனுக்கு மூச்சு வாங்கியது. "இது விழுமா? ஐயா, இந்தச் சுவரு நம்ம பேரப் பசங்க கல்யாணத்தையும் பாத்துட்டுத்தான் விழும். இறுகிக் கெடக்கற இதைக் கல்லு கல்லாப் பேத்துத் திரும்பக் கட்ட ரெண்டு மாசம் ஆவும். எங்க வயல்ல நெல்லு கதிர் விட்டு நிக்குது. அறுக்க ஆள் இல்லேன்னா குருவி தின்னுட்டுப் போயிரும். எரநூறு குடும்பம் குளிர்காலத்துக்கு எதைத் திங்கும்?"

"ஆணையில இஞ்சின்னு இருக்கு. இஞ்சியில புதுக் கல்லு இருந்தாகணும்" என்றார் யுன்.

அப்போதுதான் ஒக்மனுக்கு முழுசாகப் புரிந்தது. கடிதத்தில் எழுதிய பொய் மெய்யாக வேண்டும் என்பதற்காக, நிற்கிற சுவரை இடிக்கப் போகிறார்கள். மேட்டுத் துண்டில் விழுந்த ஓட்டையைப் பாய் போட்டு மூடி வைத்து, அடுத்த மழையில் விழுந்ததாகப் பிறகு ஒரு கடிதம் எழுதிக்கொள்வார்கள். பதினெட்டு வருஷமும் ஒரு முத்திரைக்குக் காணாமல் போகும். இருநூறு பேரின் அறுப்பும் போகும்.

யுன்னின் ஆள் ஒருவன் கடப்பாரையை இடுக்கில் செருகினான். ஒக்மன் ஒன்றும் யோசிக்கவில்லை. போய்க் கடப்பாரைக்கும் கல்லுக்கும் நடுவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான்.

"விலகுடா" என்றார் யுன்.

"விலக மாட்டேங்க ஐயா."

"அடிச்சு விலக்கவா?"

"அடிங்க. ஆனா இந்தச் சுவரு விழலை. விழுந்தது மேட்டு காங். இது இஞ்சி காங்." மூச்சு வாங்க, இன்னும் சத்தமாகச் சொன்னான். "மேட்டு காங்! இஞ்சி காங்! வாய்ப்பாடுதான் ஐயா, என்ன பண்றது? எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாது."

இருநூறு பேர் காதில் விழுந்துவிட்டது. இருநூறு பேரும் யுன்னைப் பார்த்தார்கள். இனி அவரால் அடிக்கவும் முடியாது, விடவும் முடியாது.

கப்சுல்தான் முதலில் பேசினான். விஷயம் அவனுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஊரில் பஞ்சாயத்து பண்ணிப் பழகிய ஆள். "அப்ப எங்களை விட்டுடுங்க, போறோம்."

"வேலை முடிஞ்சதுன்னு முத்திரை இல்லாமப் போனா, ஓடிப்போனவங்கன்னு ஊர்லயே புடிச்சுக் கட்டுவாங்க, தெரியுமில்ல?" என்றார் யுன். அதுவும் உண்மைதான்.

ஒக்மன் முதுகைக் கல்லிலிருந்து எடுக்காமலே சொன்னான். "ஐயா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? மேட்டுல முப்பது அடிதான் ஓட்டை. கல்லெல்லாம் அங்கேயே கெடக்குது. எரநூறு பேரு சேந்தா இருவது நாள்ல எழுப்பிடலாம். இவங்க அறுப்புக்குப் போய்ச் சேந்துருவாங்க. கடுதாசியில என்ன எழுத்து இருக்கோ அதையே அந்தக் கல்லுல வெட்டிடுங்க. பாக்க வர்ற பெரியவருக்குக் கடுதாசியும் கல்லும் ஒத்துப்போகணும், அவ்ளோதானே?"

யுன்னின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆனால் கப்சுல் எகிறினான்.

"நல்லா இருக்கே கதை! எங்க பேரை மேட்டுல வெட்டுவியா? வெட்டினா அப்புறம் ரெண்டு சுவருக்கும் நாங்கதான் ஓடி வரணும். எங்க பேரன் பேத்தி வரைக்கும் வரணும். இன்னிக்கு ஒரு அறுப்பைக் காப்பாத்திக்கிட்டு நூறு அறுப்பை அடகு வைக்கச் சொல்றியா? அதுக்கு மேட்டைக் கட்டுனவனையே கூப்புடு!"

"அவன் வயல்லயும் நெல்லுதானே நிக்குது?" என்றான் ஒக்மன். "இனிமே ஆணை போயி அவன் வந்து சேர்றதுக்குள்ள பனி விழுந்துரும்."

"அப்ப யாரு பேரை வெட்டுவே? பேரு இல்லாத கல்லை எவன் ஒத்துப்பான்?" என்றான் கப்சுல்.

அப்போதுதான் ஒக்மன் தன் வாழ்நாளின் பெரிய காரியத்தைச் செய்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னான்.

"என் பேரை வெட்டுங்க."

"உன் பேரா?" யுன் சிரித்தே விட்டார். "கல்லுல பேரு இருந்தா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல? விழுந்தா நீதான் கட்டணும். ஒத்தை ஆளா. கட்டலேன்னா தலை."

"விழ விட்டாத்தானே ஐயா."

யுன்னுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. ஒத்துக்கொண்டார். கூட்டத்தில் குரலை உயர்த்தியதற்காக ஒக்மனுக்குப் பத்துப் பிரம்படி கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அடித்தவனுக்கே மனசு இல்லை, ஆறாவதுக்குப் பிறகு பக்கத்தில் இருந்த மரத்தில்தான் அடித்தான். எண்ணிக்கொண்டிருந்த கப்சுல் சத்தமாகப் 'பத்து' என்றான்.

சாம்வோலுக்கு விஷயம் தெரிந்தபோது சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தாள். அடி வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யாரோ வளத்த மரம், யாரோ எழுதின எழுத்து, யாரோ ஊர்க்காரன் நெல்லு. நடுவுல உன் தலையை எதுக்கு நீட்டின?"

"நீட்டலேன்னா நம்ம சுவத்தை இடிச்சிருப்பான்."

"இடிக்கட்டும்! சுவரு போனா சுவரு. நீ போனா எனக்கு எவன் வருவான்?" அன்று அவள் அவனோடு பேசவில்லை. மறுநாள் காலை ஒரு கூடை நிறைய உப்பில் ஊறிய முள்ளங்கியைச் சுமந்துகொண்டு மேட்டுத் துண்டுக்குப் போனாள். கஞ்சியை வெறுமனே குடித்துக்கொண்டிருந்த இருநூறு பேருக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு வைத்தாள். தீர்ந்ததும் போய் மறு கூடை கொண்டுவந்தாள்.

யுல்சன்காரர்கள் அந்த முப்பது அடியைக் கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் முசுக்கொட்டை வேரைத் தோண்டி எடுத்தார்கள், கடைசிச் சல்லி வேர் வரைக்கும். அடிக்கல்லை ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இறக்கினார்கள். பெரிய கல்லுக்குப் பின்னால் சின்னக் கல், அதற்குப் பின்னால் சரளை, நடுநடுவே வடிகால். ஒக்மன் குறுக்கே குறுக்கே போய், "இங்க இன்னொரு ஆப்பு வையேன்", "தண்ணி எங்க போவும்?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

கப்சுல் ஒரு கட்டத்தில் கடுப்பானான். "யோவ், உன் தலை இதுக்குள்ள இருக்குன்னு எங்களுக்கு மறக்கலை. போய் உக்காரு. எங்க வீட்டுச் சுவத்தைக்கூட நான் இப்படிக் கட்டினதில்லை."

பதினெட்டாம் நாள் வேலை முடிந்தது. கல்தச்சன் உளியை எடுத்து, ஆணையில் கண்டபடி இஞ்சி எழுத்தை வெட்டினான். கீழே 'பொறுப்பு: காவல்காரன் ஒக்மன்' என்று வெட்டினான். ஒக்மன் தன் பெயரை எழுத்தாக அன்றுதான் முதல்முறை பார்த்தான். "இவ்ளோ கோடா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

மேற்பார்வை பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பல்லக்கிலிருந்து இறங்கி, கல்லைக் குனிந்து வாசித்தார். நிமிர்ந்து மலையைப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்தார்.

"இது மேடு இல்லையோ? இஞ்சின்னு வெட்டியிருக்கே."

ஒக்மன்தான் பதில் சொன்னான். "ரெண்டும் காங்குங்க ஐயா. காதுக்கு ஒண்ணுதான்."

"யார் காதுக்கு?"

இதோ ஒரு வாய்ப்பு. பத்துப் பிரம்படிக்குக் கணக்குத் தீர்க்க ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். யுன் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னிக்குப் பேய் மழைங்க ஐயா. யார் காதுக்குத்தான் சரியாக் கேட்டுச்சு?" என்றான் ஒக்மன்.

பெரியவர் கல்லில் அடுத்த வரிக்கு வந்தார். "வட்டத்துப் பேரு எங்க? உன் பேரு மட்டும் இருக்கு?"

"பன்னெண்டு நாள் நடந்து வரணும்ங்க அவங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். கூப்பிட்டாச் சுலபமா வந்துருவேன்."

பெரியவர் சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தார். பல்லக்கில் ஏறும்போது யுன்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "இனிமே அர்த்தத்தையும் சேத்தே சொல்லச் சொல்லும். குழந்தைங்க பாடறது காரணமாத்தான்."

யுல்சன்காரர்கள் அன்றே மூட்டை கட்டினார்கள். போகும்போது ஒவ்வொருவனாக வந்து அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுப் போனான். கப்சுல் கடைசியாக வந்தான். "வடிகாலைப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடந்தான். அறுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை மழை. ஒக்மன் தன் அறுநூறு அடியைப் பார்த்து முடித்தான். பிறகு வைக்கோல் மழைப்போர்வையைப் போட்டுக்கொண்டு கிழக்கே திரும்பினான். கஞ்சி கொண்டுவந்த சாம்வோல் வழி மறித்தாள்.

"எங்க போற? நம்ம சுவரு இந்தப் பக்கம்."

"அதுவும் நம்ம சுவருதான் இப்ப."

கடுகு, கீரை, பழம், இரவு, முத்து, வாள் என்று பதினாறு துண்டு தாண்டி, மலை ஏறி இறங்கிப் போக வேண்டும். போய் முப்பது அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். தொக்பேக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் அவனும் எழுந்து கூட நடந்தான். அந்தக் காவல் வீட்டில் பகல் தூக்கம் நின்றது அப்போதுதான். யுன் மாற்றலாகிப் போனார், அவருக்குப் பின் நாலு பேர் வந்தார்கள், போனார்கள். ஒக்மனுக்கு முழங்கால் வீங்கியது, ஊன்றுகோல் வந்தது. காய்ச்சலிலும் போனான். தினமும் போனான், பத்தொன்பது வருஷம். தனக்காக அவன் ஒன்றும் கேட்டதில்லை. ஊரில் அவனைப் பைத்தியம் என்றவர்களும் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவனைப்போல ஒருவன் காவலுக்கு இருக்கிற ஊரில் பயமில்லாமல் தூங்கலாம் என்றுதான் சொல்வேன்.

ஒரு வசந்தகாலத்தில், மழை இல்லாத நாளில், ஒக்மன் செத்தான். அவன் காவல் வீட்டுக்குப் புதிதாக ஒருவன் வந்தான். கல்லில் இருக்கிற பெயர் செத்துவிட்டது, பிள்ளையும் இல்லை, இனி அந்த முப்பது அடிக்கு யாரும் பொறுப்பில்லை என்று மேலிடத்தில் எழுதிக்கொண்டார்கள்.

ஆறாம் மாதம் முதல் மழை பிடித்த அன்று, புதுக் காவல்காரன் ஏதோ வேலையாக மேட்டுப் பக்கம் போனான். சாம்வோல் அங்கே வைக்கோல் மழைப்போர்வையைப் போட்டுக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வடிகால் துளையில் குச்சியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த மழையில இங்க என்ன பண்றீங்க? கல்லுல இருக்கறவருதான் போயிட்டாரே. இனிமே இது விழுந்தா உங்களை யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் அவள், திரும்பாமல். "அந்த ஓரத்துல ஒரு செடி மொளச்சிருக்கு பாரு. எனக்கு எட்டலை. கொஞ்சம் பிடுங்கிக் குடு."